ஒரு கொண்டை உயரம்

பதினோராம் நம்பரைக் கூப்பிட்டபோது ராமுத்தாய் கையிலிருந்த சீட்டை இன்னொரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பதுதான். காலையில் வந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை பார்த்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் பத்தொன்பதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பி நிம்மதியாக உட்கார அவளால் முடியாது. காகிதம் அவளை ஒரு முறை ஏமாற்றியிருக்கிறது. எழுதினவர் நல்லவர், பேனாவும் நல்ல பேனா, எழுத்துகூட முத்து முத்தாகத்தான் இருந்தது, எழுதின விஷயம் மட்டும் பொய். சீட்டை நாலாக மடித்து பர்சுக்குள் வைத்தாள். புங்கமரத்து நிழல் அவள் காலை விட்டு விலகிப் போயிருந்தது, வெயில் கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது, நகர்ந்து உட்காரலாம், ஆனால் நகர்ந்தால் மேடு கண்ணில் படாது. போக்குவரத்து ஆபீசுக்குப் பின்னால் கருவேல மரங்களை வெட்டிச் சமப்படுத்தின மைதானம் அது. நடுவில் சிமெண்டு போட்ட மேடு. அதற்கு அந்தப் பக்கம் சிவப்புக் கூம்புகளை வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், கூம்பில் படாமல் வண்டியைப் பின்னால் எடுத்து உள்ளே நிறுத்த வேண்டும். மேடு ஒன்று, பின்னால் எடுப்பது ஒன்று, ரோட்டில் ஒரு சுற்று. மூன்றே மூன்று வேலை. முதல் தடவை மேட்டில் போனது. இரண்டாம் தடவை கூம்பில் போனது. இது மூன்றாம் தடவை. எல்.எல்.ஆரின் ஆறு மாதக் கெடு நாளையோடு முடிகிறது, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும், அந்த முப்பது நாள் அவளிடம் இல்லை. பாஸான சீட்டைக் கொண்டாந்து காட்டு தாயி, வேன் சாவியைத் தாறேன், இல்லைன்னா திங்கக்கிழமை வேற டிரைவர் வாறான், இதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது என்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறு மாதம் பொறுத்த மனிதர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கம்பி வேலிக்கு வெளியே, டீக்கடைப் பக்கம், லட்சுமணனின் மெரூன் சட்டை தெரிந்தது. பரீட்சைக்கு வந்தவர்களைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாக்பூர் லோடு இறக்கிவிட்டு விடியக்காலையில்தான் வீட்டுக்கு வந்தான், ஒரு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டான், குளித்துவிட்டு நேராக இவள் வீட்டு வாசலில் வந்து பைக்கை நிறுத்தினான். வருகிற வழி முழுக்க வாய் ஓயவில்லை. இருபத்தேழு வருஷ சீனியர் ஓட்டுற வண்டியில பின்னாடி உக்காந்து வாற, பாத்துப் படிச்சுக்க என்றான். பைபாஸ் திருப்பத்தில் இன்னொன்றும் சொன்னான். "இன்னைக்கும் நீ ஊத்திக்கிட்டேன்னா நான் உனக்கு அண்ணன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துரணும்." அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். நாற்பது வருஷத்துச் சண்டை. ஒரே நாளில், ஒரே பாயில் பிறந்தவர்கள், ராமுத்தாய் இருபது நிமிடம் முன்னால், லட்சுமணன் பின்னால். அப்பா அதை மனதில் வைத்துத்தான் பேரே வைத்தார், மூத்ததற்கு ராமன் பேர், இளையதற்குத் தம்பி பேர், கேட்கிற யாருக்கும் வரிசை புரிந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் லட்சுமணன் பிறந்தது எழுபத்தெட்டாம் வருஷம் ஜூன் ஒன்று. ராமுத்தாய் பிறந்தது எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் ஒன்று. அவனைப் பெற்ற பிறகு ஒரு முழு வருஷம் அம்மா இவளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பெற்றாள் என்று அர்த்தம். அக்கா என்று அவன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஏட்டி, ஏ புள்ள, கோபம் வந்தால் ஏ சின்னக்கழுதை. சர்டிபிகேட்டைக் காட்டு, பெறகு கூப்பிடுறேன் என்பான்.

பன்னிரண்டு. மீசை அரும்பாத ஒரு பையன் எழுந்து போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பதினெட்டாம் நம்பர், காதில் நீலக்கல் தோடு, பதினெட்டு முடிந்த அன்றைக்கே எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாளையும் காலண்டரில் அடித்து அடித்து எண்ணிக்கொண்டு வந்ததாகத் தானாகவே சொன்னாள். நம்பர் பதினெட்டு, வயசும் பதினெட்டு, ராசியாம். பிறந்த சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்தது, காலை ஒன்பது பதினேழு என்று நிமிஷம் முதற்கொண்டு இருந்தது. ராமுத்தாய் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறந்த நிமிஷமே ஒரு ஆள் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்துவிட்டால் எவ்வளவு சௌகரியம், பிறகு யாரும் வந்து கையைத் தூக்கு, காதைத் தொடு என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள், மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை, உள்ளபடிக்குத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீங்க ஏன் ஆன்ட்டி இவ்வளவு லேட்டு?" ராமுத்தாய், பூ வச்சிருந்தேன்மா அதான் என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, இவளுடைய கொண்டையைப் பார்த்தாள், அதில் இருந்த கனகாம்பரத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பூதான். எத்தனை தரம் எந்தப் பக்கமாகச் சுற்றிவந்தாலும் அங்கேதான் போய் இடிக்கிறது. எண்பத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாதம், பள்ளிக்கூட வராந்தா, ஈரச் சிமெண்டு, பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கும் எந்தக் காகிதமும் கிடையாது. ஞானப்பிரகாசம் சார் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். விரல் காதைத் தொட்டால் ஐந்து முடிந்தது, ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கஞ்சி குடித்துவிட்டு வா. பிறந்த தேதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஜூன் ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பேரையும் பெற்ற தாய்மார் ஒரே நாளில் வலி எடுத்துக் கத்தியிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும். லட்சுமணனுக்குப் பதினைந்து நாள் முன்னால்தான் கோயிலில் மொட்டை போட்டிருந்தது. சந்தனம் காய்ந்த வழுவழு மண்டை. கையைப் போட்டான், வழுக்கிக்கொண்டு போய்க் காதைப் பிடித்தது, பிடித்ததோடு நிற்காமல் இழுத்தும் காட்டினான், சார் சிரித்தார். அடுத்து அவள். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை என்று அம்மா எண்ணெய் வைத்து வாரி, உச்சியில் கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றி இரண்டு முழம் கனகாம்பரம், குட்டிக் கோபுரம் மாதிரி. கை ஏறியது. பூவின் மேல் ஏறியது, கொண்டையின் மேல் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, இறங்கினால் காது இல்லை. விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவே ஒரு நெல்லுக்கனம். அவள் எட்டினாள், தலையைச் சாய்த்தாள், தலையைச் சாய்க்கப்படாது என்று சார் சொன்னார், நாக்கைக் கடித்துக்கொண்டு எட்டினாள். அம்மா பக்கத்திலேயே நின்றாள். நின்று என்ன செய்தாள். கலைந்த பூவைச் சரிசெய்தாள். நசுங்கிறாமத் தொடுட்டி என்று கையைக் கொஞ்சம் தூக்கியும் விட்டாள். ரெட்டைப் பிள்ளைக சார் என்று மட்டும் சொன்னாள். காது எட்டலியேம்மா, அடுத்த வருஷம் கொண்டாங்க என்று சார் சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பூவை எடுத்துவிட்டு மறுபடி தொடச் சொல்லலாம் என்று அந்த வராந்தாவில் நின்ற ஒரு பெரிய மனுசருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, அவளுக்கு வயசு ஐந்து, காகிதத்தின்படி நான்கு.

பதிமூன்று. பதினான்கு. மேட்டில் ஒரு வண்டி நின்று உறுமிப் பின்னால் உருண்டது. ராமுத்தாயின் வலது பாதம் தானாக மண்ணை அழுத்தியது. பிறகு என்ன, ஒரு வருஷம் கழித்துப் போனாள், அம்மா இந்தத் தரம் இரட்டைச் சடை பின்னி அனுப்பினாள், காது எட்டியது, சார் தேதி போட்டார். லட்சுமணன் இரண்டாம் வகுப்பு, இவள் ஒன்றாம் வகுப்பு. அவன் படித்த புத்தகம் அடுத்த வருஷம் இவளுக்கு, அட்டை கிழிந்து, படத்திலிருக்கிற ஆளுக்கெல்லாம் மீசை வரைந்து. அவன் உடைத்த சிலேட்டு, அவன் கடித்த பென்சில், அவனுக்குச் சின்னதாகிப்போன செருப்பு, எல்லாம் ஒரு வருஷம் கழித்து ஒழுங்காக வந்துசேர்ந்தன. லைசன்ஸ் ஒன்றுதான் வரவில்லை. அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் டெம்போ ஓட்டினார், குச்சிக்கட்டு ஏற்றி இறக்குகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு லீவு, குச்சி காயப்போடுகிற களம் காலியாகக் கிடக்கும், சுற்றிலும் மதில், வாசலுக்குப் பூட்டு. அங்கே வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வண்டி பழக்கினார். களத்தின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்டயருக்கு ஒட்டி ஒரு காலித் தீப்பெட்டியை வைப்பார். தீப்பெட்டி நசுங்காம மேல எடு என்பார். வண்டி ஒரு விரல்கட்டை பின்னால் வந்தாலும் பெட்டி சப்பையாகிவிடும். லட்சுமணன் பழகின வருஷத்தில் நசுக்கின பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பண்டல் தேறும். ராமுத்தாய் இரண்டே இரண்டு. மூன்றாவது பெட்டி நசுங்கவில்லை, அப்பா அதை எடுத்துப் பார்த்து, அதிலிருந்த படத்தை ஊதித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுதான் அவர் பாராட்டு. ஆனால் களத்தை விட்டு ரோட்டுக்கு ஒரு அடி விடமாட்டார், லைசன்ஸ் எடுத்துட்டு ஓட்டு என்பார், அதில் அவரை அசைக்க முடியாது.

தொண்ணூற்றாறு ஜூன். பதினெட்டு முடிந்தது என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார், இந்த ஊர் இல்லை, வேறே ஊரில் இருந்தது அப்போது ஆபீஸ், ஓட்டுக் கட்டடம், வாசலில் பெரிய வேம்பு. லட்சுமணன் புதுச் சட்டை. ராமுத்தாய் தாவணி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் இரண்டு சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவனுக்குச் சரி, இந்தப் பிள்ளைக்குப் பதினேழுதான் ஆச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல வாம்மா என்றார். அப்பா, ரெட்டைப் பிள்ளைக சார் என்றார். அம்மா வராந்தாவில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ரெட்டைப் பிள்ளைங்கிறீங்க. ஒண்ணு எழுபத்தெட்டு, ஒண்ணு எழுபத்தொம்பது. உங்க வீட்டம்மா வருஷம் பூராவா பெத்துக்கிட்டிருந்தாங்க?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். லட்சுமணன் சிரித்தான், அது போகட்டும், அவன் அப்படித்தான். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பல வருஷம் ஜீரணிக்க முடியவில்லை. இப்போது யோசித்தால் அவர் வேறு என்ன செய்திருப்பார் என்று தோன்றுகிறது, காக்கிச் சட்டை போட்ட ஒரு டெம்போ டிரைவர், மேஜைக்கு அந்தப் பக்கம் கவர்மெண்டு. கிளார்க் மேலும் தப்பு இல்லை. பதினெட்டு என்றால் பதினெட்டு, பதினேழே முக்கால் கிடையாது, ஒரு கோடு என்றால் எங்கேயாவது கிழித்துத்தானே ஆக வேண்டும். கோட்டைக் கிழித்தவர்கள் சரியாகத்தான் கிழித்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியவளைப் பூவைச் சுற்றி அந்தப் பக்கம் நிறுத்திவிட்டது அவள் அம்மா கை.

பதினைந்து. ஒரு வருஷம்தானே, ஓடிப்போகும் என்று அப்பா பஸ்ஸில் வரும்போது சொன்னார். ஓடத்தான் செய்தது. ஐப்பசியில் பெண் கேட்டு வந்தார்கள், தையில் கல்யாணம். இதுதான் அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடாத கணக்கு. லைசன்சுக்குப் பதினேழு, பத்தவில்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு, பத்திவிட்டது. அதுக்கென்ன, அவளுக்கு நெச வயசு பதினெட்டு முடிஞ்சு பத்து மாசமாகுதே என்று அதே அப்பா, அதே வாயால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அடித்துச் சொன்னார். அங்கே யாரும் சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை, காதைத் தொடச் சொல்லவில்லை. தொடச் சொல்லியிருந்தால் அன்றைக்கும் தலை நிறையப் பூதான், எட்டியிருக்காது. அடுத்த ஜூன் ஒன்றாம் தேதி, காகிதத்துக்குப் பதினெட்டு நிறைந்த நாளில், அவள் வயிற்றில் நாலு மாதம், அடுப்படியில் உட்கார்ந்து புளிச்சாதத்தை முகர்ந்து பார்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஜூன் ஒண்ணு என்று புருஷனிடம் சொன்னாள். அதுக்கென்ன என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றாள். சுப்பாராஜ் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சைக்கிளுக்கு மேலே எதையும் ஓட்டத் தெரியாது, தெரிய வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. இன்றைக்குக் காலையில் அவர்தான் பூ வாங்கிவந்தார். கனகாம்பரத்தைப் பார்த்ததும் அவள் வேண்டாம் என்றாள். "ரெண்டு தடவ பூ வைக்காமத்தான போன," என்றார் அவர், "அப்ப மட்டும் என்ன ஆச்சு?" இத்தனை வருஷத்தில் அவர் பேசின மிகப் பெரிய வாக்குவாதம் அதுவாகத்தான் இருக்கும். அவள் கொண்டையை நன்றாக மேலே தூக்கி முடிந்து, வாங்கிவந்த முழுவதையும் சுற்றிக்கொண்டாள்.

பதினாறு. பதினேழு. வேறு எதையாவது நினைக்க வேண்டும். வேன். வெள்ளை வேன், இடது கதவில் ஒரு நசுங்கல். தீப்பெட்டி ஆபீசுக்குப் பொம்பளைகளை ஏற்றிப் போகிற வேனில் இருபத்து மூன்று வருஷம் முன்சீட்டில், டிரைவருக்கு இடதுபக்கம், ஆளெண்ணிக் கதவைச் சாத்துகிற வேலையும் அவளுக்கு. இடதுபக்கம் உட்கார்ந்தே அத்தனை வருஷமும் ஓட்டினாள். அவர் கியரை மாற்றும் முன்னால் இவளுடைய இடது கால் கிளட்சை மிதித்துவிடும், அவர் பிரேக்கைத் தொடும் முன்னால் வலது கால் தரையை அழுத்திவிடும். அவள் கால் வைக்கிற இடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு தேய்ந்து தகரம் தெரிந்தது. டிரைவர் சண்முகவேல் அண்ணாச்சி, நீ மிதிக்கிற மிதியில என் வண்டிக்கு ரெண்டு பிரேக் தாயி என்று கேலி பண்ணுவார். போன சித்திரையில் கால்வாய்ப் பாலத்துக்கு நூறடி முன்னால் அந்த மனிதர் பேச்சை நிறுத்தினார், தலை ஜன்னல் பக்கம் சரிந்தது, தூங்குகிறாரோ என்று ஒரு விநாடி, அடுத்த விநாடி அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். பாலத்துச் சுவரை ஒட்டி உரசாமல் மண்ணில் இறக்கி நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் பின்னால் பதினான்கு பேரும் கத்தினார்கள். ஒருத்திக்கும் கீறல் இல்லை. அண்ணாச்சி இன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் நன்றாக இருக்கிறார், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. முதலாளி அடுத்த நாளே வந்து கேட்டார், எங்கத்தா படிச்ச. களத்துல என்றாள். லைசன்ஸ் வச்சிருக்கியா. இல்லை என்று சொல்ல அவளுக்கு நாற்பத்தைந்து வயசில் வெட்கமாக இருந்தது. கையில் எல்லாம் இருக்கிறது, காலில் எல்லாம் இருக்கிறது, காகிதத்தில் மட்டும் இல்லை.

அவ்வளவு தெரிந்தவள் ஏன் இரண்டு தடவை தோற்றாள். அதையும் நினைத்துத்தானே ஆக வேண்டும். முதல் தடவை மேட்டில் பயந்தாள், பின்னால் உருண்டுவிடுவோமோ என்று பயந்து கிளட்சை வெடுக்கென்று விட்டாள், வண்டி நின்றுபோனது. இரண்டாம் தடவை அதைவிட மோசம். கூப்பிட்டதும் நேரே போய் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷப் பழக்கம். பிரேக் இன்ஸ்பெக்டர் வெளியே நின்றுகொண்டு, நான் ஓட்டணுமாம்மா என்று கேட்டார், மைதானமே சிரித்தது. ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த அதே சிரிப்பு, இருபத்தேழு வருஷம் காத்திருந்து வந்து காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கூம்பு எங்கே கண்ணில் தெரியும்.

பதினெட்டு. நீலக்கல் தோட்டுப் பெண் எழுந்து துள்ளிக்கொண்டு போனாள். மேட்டில் ஏறினாள், நின்றாள், எடுத்தபோது வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்தது. திரும்பி வரும்போது கண் நிறைந்திருந்தது, ஆனால் மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் அது வற்றிவிட்டது. அடுத்த வாரம் வந்துட்டுப் போறேன் ஆன்ட்டி, என்ன இப்போ என்றாள். ஆமாம், அவளுக்கு என்ன. அவளுக்கு வாரங்கள் இருக்கின்றன, பை நிறைய, இறைத்துக்கொண்டே நடக்கலாம். ராமுத்தாய் எழுந்தாள்.

பத்தொன்பது. கால்கள் இடதுபக்கக் கதவை நோக்கித்தான் நடந்தன. பாதி வழியில் அவள் அதைக் கவனித்தாள், கவனித்து, நின்று, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அது ஐந்தாறு அடிதான் இருக்கும், இந்தப் பக்கத்துக்கு வந்து சேர அவளுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வலதுபக்கக் கதவு. ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைத் திருப்பினாள், அதில் முதலில் தெரிந்தது கனகாம்பரம். பிரேக் இன்ஸ்பெக்டர் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். அதே மனிதர்தான், இன்றைக்கு ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது, கையில் பேப்பர்க் கட்டு. பேரைக் கேட்டார், சொன்னாள். "வயசு?" என்று கேட்டார். "நாப்பத்தஞ்சு," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அவருடைய பேனா பேப்பரில் ஓர் இடத்தில் நின்றது. "நாப்பத்தி நாலுன்னுல்ல போட்டிருக்கு." போச்சு. பொய் சொல்லி வந்தவள் என்பார், சர்டிபிகேட்டைக் கொண்டா என்பார், ஜன்னல், வேப்பமரம், அடுத்த வருஷம் ஜூன்ல வாம்மா, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அந்த அரை மணி நேரம், லட்சுமணன் கையில் மட்டும் எல்.எல்.ஆர். மஞ்சள் பேப்பர். ரெட்டைப் பிள்ளை சார் என்று சொல்ல வாய் வந்தது. அம்மா சொல்லி ஆகவில்லை, அப்பா சொல்லி ஆகவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் கொறைச்சு எழுதிட்டாங்க சார்," என்றாள், "நான் பொறந்தது அதுக்கு முந்தின வருஷம்." அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், நிதானமாக மடித்தார், பைக்குள் வைத்தார். "கூடவோ கொறையவோ, பதினெட்டு தாண்டியாச்சுல்லம்மா. வண்டிய எடுங்க."

பதினெட்டு தாண்டியாச்சுல்ல. அந்தக் கோடு எங்கேயோ பின்னால், மிகவும் பின்னால், கண்ணாடியில்கூடத் தெரியாத தூரத்தில் கிடந்தது. அவளுக்கு எதிரில் எந்தக் கோடும் இல்லை. அறுபது ஆனால் வராதே என்று எவரும் சொல்லவில்லை, ஒரு வருஷம் முன்னே பின்னே என்று எவருக்கும் கவலை இல்லை, அவளைத் தடுத்த கதவு என்றைக்கோ திறந்துதான் கிடந்திருக்கிறது, அவள்தான் அதை மூடிய கதவு என்று நினைத்து வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். மேட்டில் ஏறி, நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். பின்டயருக்கு ஒட்டி ஒரு காலித் தீப்பெட்டி இருந்தது. அவள்தான் வைத்தாள், இங்கிருந்தே, மனதால், படம் மேலே தெரிகிற மாதிரி. கிளட்ச் மெல்ல மேலே வந்தது, ஓரிடத்தில் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது, உள்ளங்காலில் ஒரு சின்ன நடுக்கம் ஏறியது, களத்தில் ஏறிய அதே நடுக்கம், இந்தப் பாதம் எதையும் மறக்கவில்லை. பிரேக்கை விட்டாள். வண்டி பின்னால் ஒரு மயிரிழை வரவில்லை. மேலே போனது, உச்சியைத் தாண்டியது, இறங்கியது. பெட்டி முழுசாகப் பின்னால் கிடந்தது. கூம்புகள் இப்போது வெறும் கூம்புகளாக இருந்தன, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள், எதுவும் அசையவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். டீக்கடை முன்னால் மெரூன் சட்டை எட்டிப் பார்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், வலது கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி வலதுபக்கம் திரும்பப் போகிறேன் என்று காட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரமாகவே காட்டினாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். பருத்திக் காடு இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. எதிரே வந்த டவுன் பஸ்சுக்கு வழி விட்டாள். இடதுபக்கம் உட்கார்ந்திருந்த மனிதரின் கால், திருப்பத்தில் தரையை லேசாக அழுத்தியதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அழுத்தட்டும். அந்த இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

திரும்ப வந்து நிறுத்தியதும் அவர் பேப்பரில் ஏதோ கிறுக்கினார். எங்க பழகுனீங்க என்று கேட்டார். தீப்பெட்டி ஆபீஸ் களத்துல சார் என்றாள். எந்த வயசுல என்று கேட்டார். "அது பேப்பரைப் பொறுத்தது சார்," என்றாள். அவர் சிரிக்கப் போய்த் தும்மினார். தும்மிவிட்டுப் பாஸ் என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டுச் சீட்டை நீட்டினார், அவள் அந்த எழுத்தை ஒரு தடவைதான் பார்த்தாள், நம்பினாள்.

இறங்கி மைதானத்தின் நடுவில் நின்றாள். வேலிக்கு வெளியே லட்சுமணன் இரண்டு கையையும் விரித்து, என்னாச்சு என்று கேட்டான். ரோட்டில் சரக்கு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, கத்தினாலும் கேட்காது. கட்டைவிரலைக் காட்டலாம், எல்லாரும் காட்டுவதுதான். அவள் வலது கையைத் தூக்கினாள். தலைக்கு மேலே கொண்டுபோனாள். கொண்டையின் மேல் ஏறியது, கனகாம்பரத்தின் மேல் ஏறியது, பூ நசுங்கியது, நன்றாகவே நசுங்கியது, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, யாரும் சரிசெய்ய வரவில்லை. விரல் இடது காதைத் தொட்டது, தொட்டதோடு நிற்காமல் மடலைப் பிடித்து இழுத்தும் காட்டினாள். தலையைச் சாய்க்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். நீலக்கல் தோடு வாயைத் திறந்தபடி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் லட்சுமணன் விரித்த கையை இறக்கினான். பிறகு அவன் கை மெல்ல ஏறியது, முன்மண்டை வழுக்கையைத் தாண்டி, நரைத்த கிருதாவைத் தாண்டி, அவனும் தன் காதைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே கத்தினான். லாரிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விழுந்தது, அந்த இடைவெளியில் அது தெளிவாகக் கேட்டது.

"அக்கா!"

டீ சொல்லட்டா என்று அடுத்துக் கேட்டிருப்பான், அதற்குள் இன்னொரு லாரி வந்துவிட்டது. ராமுத்தாய் கையை இறக்கினாள், விரலில் ஒட்டியிருந்த ஒரு கனகாம்பரத்தை ஊதித் துடைத்துப் பர்சுக்குள் பாஸ் சீட்டோடு வைத்தாள், கேட்டை நோக்கி நடந்தாள். அவசரப்படவில்லை. அவன் இருபது நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.